ஓடுகிற வண்டியின் சாமான்

பழைய கார்களின் உதிரிச் சாமான் விற்கும் அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஸ்டோர்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய கார் கம்பெனியின் கிளையில், சாமான் கவுன்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போனபோது மற்றவர்கள் மேஜையையும் மின்விசிறியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். இவள், எடைக்குப் போக இருந்த பட்டியல் புத்தகங்களையும், எந்த வண்டி யாருக்குப் போனது என்று எழுதிய பதிவேடுகளையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"ஊர்ல பொம்பளைங்க தங்கம் சேர்க்கிறாங்க, என் பொண்டாட்டி கரையான் சேர்க்கிறா" என்றார் வீட்டுக்காரர். ஆனால் அந்தக் காகிதங்கள்தான் பதினைந்து வருஷமாக இருவருக்கும் சோறு போட்டன.

அசலையும் நகலையும் பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சாமானைக் கையில் வாங்கி எடை பார்ப்பாள். சின்னச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பாள். அடித்து உருவாக்கிய எஃகு மணி போல நெடுநேரம் பேசும். வார்த்து எடுத்த இரும்பு ஒரே வார்த்தையில் வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு மூக்கு. லென்ஸ் கடைசியில்தான். "எதைக் குடுத்தாலும் முதல்ல முகர்ந்து பார்க்கிறது பூனையும் இந்த அம்மாவும்தான்" என்பார் எதிர்க்கடைக்காரர்.

வீட்டுக்காரர் நகல் செய்கிறவர். ஊரின் மறுகோடியில், ரயில் பாதையை ஒட்டி அவருடைய லேத்துப் பட்டறை. அசல் கிடைக்காத சாமானுக்கு அச்சு எடுத்து, வார்த்து, கடைந்து, பழசு போலவே நிறம் ஏற்றிக் கொடுப்பார். யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஓடுற வண்டிக்கா, நிக்கிற வண்டிக்கா?" ஓடுகிற வண்டி என்றால் நல்ல எஃகு, அதற்கேற்ற கூலி. கண்காட்சிக்கு நிற்கிற வண்டி என்றால் மலிவான வார்ப்பு போதும். இந்தக் கேள்விக்கு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். தன் வண்டிக்கு உடையப்போகிற சாமானை எவன் கேட்டு வாங்குவான்?

வெள்ளைச் சட்டைக்காரர் அவள் கடைக்கு முதல் தடவை வந்தது ஒரு மழை விட்ட காலையில். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. சாமான் விற்க வருகிறவர்களின் நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு ஏறியிருக்கும். இவருடைய நகங்கள் கல்யாண மாப்பிள்ளை நகங்கள் போல இருந்தன. செய்தித்தாளில் சுற்றிய ஒரு பிரேக் சிலிண்டரை மேஜைமேல் வைத்தார். எழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு வண்டியுடையது. துளி சந்தேகம் இல்லாத அசல். அவள் வாங்கி, வெளிநாட்டில் இருக்கும் ஒரு சேகரிப்பாளருக்கு அனுப்பிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஸ்டீரிங் ஆர்ம். ஸ்டீரிங்கைத் திருப்பினால் அந்தத் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற, முழங்கை நீளமுள்ள எஃகுக் கை. அதே சேகரிப்பாளர் மூன்று வருஷமாக அவளிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

தட்டினாள். மணி போலப் பேசியது. ஓரத்தில் வண்டியின் எண், கடைசி நான்கு இலக்கம், கையால் அடித்த முத்திரை. கம்பெனியில் அந்தக் காலத்து ஏழாம் எண் முத்திரை கொஞ்சம் தேய்ந்தது. ஏழின் வால் எப்போதும் வளைந்துதான் விழும். இதிலும் வளைந்திருந்தது. முகர்ந்தாள். அங்கேதான் ஏதோ இடறியது.

"இந்த வண்டி எங்க இருக்கு தம்பி?"

"எங்க ஷெட்லதான் அக்கா. முப்பது வருஷமா அசையாம கிடக்கு. பிரிச்சு வித்துடலாம்னு."

"கிரீஸ் புதுசா இருக்கே?"

"கழட்ட வரலை. அதான் கொஞ்சம் போட்டேன்."

பதில் தயாராக இருந்தது. ஆனால் துருப்பிடித்து இறுகிய சாமானுக்கு எண்ணெய் ஊற்றுவார்கள், கிரீஸ் யாரும் போடுவதில்லை. முப்பது வருஷம் கிடந்த சாமானில் பழைய கிரீஸ் தார் போலக் காய்ந்து ஒட்டியிருக்கும். இதில் மூட்டு உரசுகிற முகம் கண்ணாடி போலப் பளபளத்தது. போன வாரம் வரைக்கும் சாலையில் ஓடிய சாமான் அது. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள். அவளுக்குக் கண் மறையவில்லை. வாய் மட்டும் அடைத்துப்போனது. பணத்தைக் கொடுத்தாள்.

"சீக்கிரம் வெளிநாட்டுக்கு அனுப்பிடுவீங்கதானே அக்கா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல சாமான் நல்ல இடத்துக்குப் போகவேண்டும் என்ற அக்கறை என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. பார்சலுக்கு மரப்பெட்டி செய்யவேண்டும் என்று, சாப்பாட்டுத் தூக்கோடு ஆர்மையும் ஒரு பழைய துண்டில் சுற்றிப் பையில் போட்டுப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். லேத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு துண்டைப் பிரித்தார். பிரித்தவர் சாப்பிட உட்காரவில்லை.

"இது உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"ஏங்க?"

"இதுக்கு நான் அச்சு எடுத்தேன்மா. போன வாரம். இந்தா, இந்த ஓரத்துல என் களிமண் இன்னும் ஒட்டியிருக்கு பாரு."

"யாரு குடுத்தா?"

"ஒரு வெள்ளைச் சட்டை. ரொம்ப மரியாதையான ஆளு. ஒரு ஹோட்டல் வரவேற்பறையில வைக்கிற வண்டியாம். ஓடாதாம். பார்க்க ஒரிஜினல் மாதிரியே இருக்கணும், அவ்வளவுதான்னாரு. அதுக்கு முன்னாடி ஒரு பிரேக் சிலிண்டரும் செஞ்சு வாங்கிட்டுப் போனாரு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் அசலுக்கு அக்காவைச் சொல்வார்கள், நகலுக்கு லேத்துக்காரரைச் சொல்வார்கள். இருவரும் ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள் என்பதை அந்த மனிதரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

"திருட்டுச் சாமானாத்தான் இருக்கும்" என்றார் லேத்துக்காரர். "எவனோ வண்டிக்காரன் வீட்ல கை வெச்சிருக்கான். அசலை எடுத்துட்டு நகலை மாட்டிட்டான். நமக்கு எதுக்கு? திருப்பிக் குடுத்துடு."

அவள் தலையை ஆட்டினாள். "திருடன் இதையா எடுப்பான்?"

"பின்னே?"

"நீங்களே சொல்லுங்க. அந்த வண்டியில எது விலை போகும்? முன்விளக்கு. முன்னாடி நிக்கிற அந்த வெள்ளிச் சின்னம். டேஷ்போர்டு கடிகாரம். ஸ்க்ரூ டிரைவரை வெச்சு பத்து நிமிஷத்துல கழட்டிடலாம். அதையெல்லாம் விட்டுட்டு, வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்து, அரைநாள் மல்லுக்கட்டி, பிரேக்கையும் ஸ்டீரிங்கையும் ஒருத்தன் கழட்டறான்னா..."

பட்டறையில் லேத்தின் பெல்ட் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் போய் அதை நிறுத்தினார்.

"எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்டாள்.

"எது?"

"நீங்க செஞ்சது."

அவர் தன் கைகளைப் பார்த்தார். "சமதளத்துல மெதுவா போனா கொஞ்ச நாள் தாங்கும். வளைவுல அழுத்தித் திருப்பினா... உள்ள எல்லாம் காத்துக் குமிழிம்மா. பழைய அடுப்பையும் தையல் மிஷின் காலையும் உருக்கி ஊத்தினது. நிக்கிற வண்டின்னுதானே சொன்னான் பாவி!"

அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து பதிவேட்டை எடுத்தாள். கரையான் தின்றது போக மிச்சமிருந்த பக்கங்களில் அந்த எண் இருந்தது. வண்டி நிறம் கறுப்பு. வாங்கியவர் பெயருக்கு எதிரே, 'மருத்துவர், மலைச்சாலை' என்று எழுதி, ஓரத்தில் வேறு கையெழுத்தில் 'இப்போது மகள், அவரும் மருத்துவர்' என்று இருந்தது. அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. கம்பெனிக் காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸுக்கு வருகிற எலும்பு டாக்டரம்மா. டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்டிவருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்தில் காசு வாங்காமல் வைத்தியம் பார்ப்பார் என்று சொல்லிக் கேள்வி.

பதிவேட்டில் இருந்த தொலைபேசி எண்ணில் ஐந்தே இலக்கம். அது செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். நாளைக்கு ஞாயிறு.

"போலீஸுக்குப் போயிடலாமா?" என்றாள்.

"போய் என்ன சொல்லுவே? அசல் யார் கையில இருக்கு? உன் கையில. நகல் யார் செஞ்சது? உன் புருஷன். அந்த ஆளு கைரேகைகூட எதுலயும் இருக்காது." சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அன்று ராத்திரி இருவரும் சாப்பிடவில்லை. விடியும் முன்பே எழுந்து முதல் பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். "நானும் வரேன்" என்றார் அவர். குரல் வந்தது, கால் வரவில்லை. அவள் வற்புறுத்தவில்லை.

மலைச்சாலையில் பதினோரு வளைவுகள். பஸ் ஒவ்வொன்றிலும் முக்கி முனகித் திரும்பியது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் கீழே பார்க்கவில்லை. மடியில் இருந்த பையின் கனம் தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஒரு தேநீர்க் கடையில் வழி கேட்டாள். வீடுகள் நெருக்கமில்லாத பாதை. பத்து நிமிஷ நடைக்கு ஒரு மனிதரையும் பார்க்கவில்லை.

கேட்டைத் திறந்தது அவர்தான். அதே வெள்ளைச் சட்டை.

அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. திருடனாக இருந்தால் திடுக்கிட்டிருப்பான்.

"அட, அக்கா! வாங்க வாங்க. இவ்வளவு தூரம் எப்படி?"

"பழைய ரிஜிஸ்டர்ல இந்த வீட்டு விலாசம் இருந்துச்சு தம்பி. வண்டியை முழுசா கேக்குற பார்ட்டி ஒண்ணு இருக்கு. பார்த்துட்டுப் போலாம்னு."

"ரிஜிஸ்டரெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தார். "நல்ல பழக்கம். பை கனமா இருக்கு போலிருக்கே. குடுங்க, நான் எடுத்துட்டு வரேன்."

"பரவால்ல. எனக்குப் பழக்கம்தான்."

கை நீட்டியவர் ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு கையை மடக்கிக்கொண்டு, "அத்தை! உங்க வண்டியைப் பார்க்க ஆள் வந்திருக்காங்க!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

டாக்டரம்மா வந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். முதுகு வளையவில்லை. கம்பெனிப் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தக் கவுன்டர்ல பென்சிலைக் காதுல சொருகிட்டு நிப்பியே, நீதானா? வா, வா. வண்டியெல்லாம் விக்கிறதா இல்ல. ஆனா பார்த்துட்டுப் போ. ரெண்டு கிழவியும் இன்னும் ஓடிட்டுதான் இருக்கோம்." வெள்ளைச் சட்டைக்காரரைக் காட்டி, "என் அண்ணன் மகன். அண்ணன் போனதுக்கப்புறம் ஆறு மாசமா இங்கதான் இருக்கான். எனக்கு இருக்கிற ஒரே சொந்தம். வண்டியை இவன்தான் கவனிச்சுக்கிறான்" என்றார்.

"இப்ப எப்படி ஓடுதும்மா?"

"இந்த ரெண்டு மாசமா பிரேக் கொஞ்சம் ஆழமா போய்ப் பிடிக்குது. குழாய்ல காத்து இருக்கும், பார்க்கிறேன்னு சொல்லிட்டே இருக்கான் சோம்பேறி."

"பார்த்துடறேன் அத்தை" என்றார் அவர்.

கறுப்பு வண்டி முற்றத்தில் முகம் கீழ்ச்சாலையைப் பார்க்க நின்றது. விளக்குகள், சின்னம், கடிகாரம் எல்லாம் அசல். எதையும் யாரும் தொடவில்லை. அவள் எஞ்சின் எண்ணைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி வண்டியின் பானட்டைத் தூக்கச் சொன்னாள். அவர் தூக்கிவிட்டு, அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். அவர் மூச்சில் ஏலக்காய் மணத்தது. குனிந்து, டார்ச் அடித்து, சக்கரத்துப் பக்கம் பார்த்தாள். ஆர்மின் ஓரத்தில் அரம் போன வழி தெரிந்தது. இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்த, தன் வீட்டுக்காரரின் கை. இடமிருந்து வலமாகவே அரம் போடும் கை.

"டேய் கண்ணு, வந்தவங்களுக்கு டீ கொண்டுவா. பேசிட்டே நிக்கிற" என்றார் டாக்டரம்மா.

அவர் போக மனமில்லாமல் போனார். டாக்டரம்மா பின்சீட்டில் மருந்துப் பெட்டியை வைக்கத் திரும்பினார். அவ்வளவுதான் நேரம். அவள் கை தானாக இயங்கியது. எஞ்சினுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பை நெம்பி, உள்ளே இருக்கும் கட்டைவிரல் அளவு ரோட்டரை உருவி, மூடியைப் பழையபடி மாட்டினாள். அந்தச் சின்னத் துண்டு இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், பற்றிக்கொள்ளாது. உள்ளங்கையில் அதை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் தட்டோடு வந்துகொண்டிருந்தார்.

டீ குடித்தாள். ருசி தெரியவில்லை.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒன்பதே முக்கால். நோயாளிங்க காத்துட்டிருப்பாங்க. நீயும் ஏறும்மா, அடிவாரத்துல இறக்கி விடறேன். பஸ்ஸுக்கு எதுக்குக் காத்துட்டு?"

"நல்ல யோசனை" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏறுங்க அக்கா. இந்த மாதிரி வண்டியில போக எல்லாருக்கும் வாய்க்காது."

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, பதற்றம் இல்லை. ஒரு பார்சலில் இன்னொரு சாமானையும் சேர்த்து அனுப்புகிறவனின் நிதானம் இருந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவர் கதவை மெதுவாகச் சாத்தினார்.

டாக்டரம்மா சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடி. "என்னடா இது? கிழவி இப்படி அழிச்சாட்டியம் பண்ண மாட்டாளே."

வெள்ளைச் சட்டைக்காரர் பானட்டைத் தூக்கிப் பார்த்தார். பார்க்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பானட் தாழ்ந்தபோது கண்ணாடிக்கு அப்பால் அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தார்.

"ரோட்டரைக் காணோம் அத்தை. எங்கயோ விழுந்துடுச்சு போல. கவலைப்படாதீங்க. ஷெட்ல ஒரு ஸ்பேர் இருக்கு. எடுத்துட்டு வரேன்."

ஷெட் வீட்டுக்குப் பின்பக்கம். அவர் முதுகு மறைந்ததும் அவள் பையிலிருந்து துண்டைப் பிரித்து ஆர்மை டாக்டரம்மாவின் மடியில் வைத்தாள்.

"இது உங்க வண்டியோடதும்மா. நம்பரைப் பாருங்க. வெள்ளிக்கிழமை இவர் என்கிட்ட வித்தாரு. இப்ப உங்க வண்டியில இருக்கிறது டூப்ளிகேட். வளைவுல உடைஞ்சிடும். பிரேக்கும் டூப்ளிகேட்தான். தயவுசெஞ்சு இறங்கிடுங்க."

டாக்டரம்மா எலும்பைப் பார்க்கிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணைக் கட்டைவிரலால் தடவினார். முகத்தில் ரத்தம் வற்றியிருந்தது. ஆனால் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"டூப்ளிகேட்னு உனக்கு எப்படித் தெரியும்? செஞ்சது யாரு?"

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. அவள் சொல்லவில்லை. "என் வீட்டுக்காரர்மா. நிக்கிற வண்டிக்குன்னு சொல்லி ஏமாத்தி வாங்கிட்டாரு."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். "பொய் சொல்ல வந்தவ புருஷனை இழுத்துவிட மாட்டா" என்று தனக்குள் போலச் சொல்லிக்கொண்டு, ஆர்மைத் துண்டால் மூடி அவள் மடியிலேயே வைத்தார்.

வெள்ளைச் சட்டைக்காரர் வந்து ரோட்டரை மாட்டினார். இந்தத் தடவை எஞ்சின் உடனே பற்றிக்கொண்டது. வண்டி மெல்ல அதிர்ந்துகொண்டு நின்றது. டாக்டரம்மா கதவைத் திறந்து இறங்கினார். ஸ்டோர்ஸ் அக்காவும் மறுபக்கம் இறங்கினாள்.

"கண்ணு, இன்னைக்கு நீ ஓட்டேன்" என்றார் டாக்டரம்மா. குரல் எப்போதும்போல இருந்தது. "முட்டி வலிக்குது. மருந்துப் பெட்டியை மட்டும் கிளினிக்ல குடுத்துட்டு வந்துடு."

"நானா? எனக்கு இந்த வண்டி பழக்கமில்லையே அத்தை."

"போன மாசம்தானே கடைத்தெரு வரைக்கும் ஓட்டிட்டுப் போனே."

"இல்ல, ஒரு போன் வரணும்..."

"போன் பையிலதானே இருக்கு."

"தலை கொஞ்சம் சுத்துது அத்தை."

"அடிவாரம் வரைக்கும்தான். பதினோரு வளைவு. நான் எழுபத்திமூணு வயசுல போறேன். நீ போக மாட்டியா?"

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். திறந்திருந்த கதவுமேல் கை வைத்தார். சுத்தமான அந்த நகங்கள் கதவு விளிம்பில் வெளுத்துப்போவதை ஸ்டோர்ஸ் அக்கா பார்த்தாள். ஏறிவிடுவாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிடிவாதம் மனிதனை எதுவும் செய்யவைக்கும். அவர் உள்ளே குனிந்தார். கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

மலையில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"சரி" என்றார் டாக்டரம்மா. "உள்ள போ. நான் அப்புறம் பேசறேன்."

அவர் சாவியைப் பானட்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். நடை பதறவில்லை.

டாக்டரம்மா முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "போலீஸ்ல சொல்லுங்கம்மா" என்றாள் அக்கா. "எங்களுக்கு என்ன ஆனாலும் பரவால்ல."

"வண்டியை விட்டுட்டா சரியாப் போச்சா? வீட்டுல மாடிப்படி இருக்கு. கேஸ் அடுப்பு இருக்கு. என் மாத்திரையெல்லாம் அவன்தான் எடுத்து வைக்கிறான். எதை எதைன்னு நான் முகர்ந்து பார்க்கிறது?" முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். "சின்ன வயசுல காய்ச்சல்னா என் மடியிலதான் படுப்பான். ஜெயில்ல வெச்சு அவனைப் பார்க்க என்னால முடியாது. ஆனா சாகவும் எனக்கு இஷ்டமில்ல."

அன்று அந்த வீட்டுக்குள் டாக்டரம்மா திரும்பப் போகவில்லை. இருவரும் பஸ்ஸில் இறங்கினார்கள். பதினோரு வளைவிலும் டாக்டரம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கிளினிக்கில் சாயங்காலம் வரை நோயாளிகளைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டார். திங்கட்கிழமை வக்கீலைக் கூப்பிட்டு, வீடு, நிலம், வண்டி எல்லாவற்றையும் கிளினிக்கின் பெயருக்கு எழுதினார். எழுதிய நகல் ஒன்றை மலைக்கு அனுப்பிவைத்தார். கூடவே ஒரு சீட்டு: 'இனி நான் செத்தால் உனக்கு ஒன்றும் இல்லை. இருந்தால் மட்டும் மாதம் ஒரு தொகை வரும். யோசித்துக்கொள்.'

அண்ணன் மகன் சீட்டுக்குப் பதில் எழுதவில்லை. மறுநாள் ஒரு பெட்டியோடு கிளம்பிப் போய்விட்டதாகத் தோட்டக்காரர் வந்து சொன்னார். போகும்போது கேட்டை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போனாராம்.

லேத்துக்காரர் மலைக்குப் போய்த் தான் செய்த ஆர்மைக் கழற்றினார். பெரிய சுத்தியால் அதை ஒரே அடி அடித்தார். இரண்டாக விழுந்தது. உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். அசலை மாட்டினார். பிரேக் சிலிண்டரின் அசல் கடல் கடந்து போய்விட்டதால் நல்ல எஃகில் ஒன்று கடைந்து போட்டார். அன்றிலிருந்து மலிவு வார்ப்பைக் கையால் தொடவில்லை. வருமானம் பாதியாகிவிட்டது.

டாக்டரம்மா இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். வண்டியை ஓட்டினார், முன்னைவிட மெதுவாக. பிறகு ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டி, ஆஸ்பத்திரிக் கட்டிலில், சுற்றிலும் நர்ஸுகள் இருக்க, இயற்கையாகவே போனார்.

அடக்கத்துக்கு அக்கா போயிருந்தாள். கூட்டத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். நடிப்பில்லை, எத்தனையோ அசலையும் நகலையும் பார்த்தவளுக்கு அது தெரிந்தது. கூட்டம் கலைந்ததும் அவராகவே பக்கத்தில் வந்தார்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க வராம இருந்திருந்தாலும் நான் நிறுத்தியிருப்பேன். அதுக்குத்தான் கேட்டுப் பக்கம் நின்னுட்டிருந்தேன். கடைசி நேரத்துல மனசு கேக்கல. சத்தியமா."



"என்னை ஏறச் சொல்லி கதவைப் பிடிச்சிட்டு நின்னது நீங்கதானே தம்பி."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கே தெரியல அக்கா" என்றார். இந்தத் தடவை பதில் தயாராக இருக்கவில்லை.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு வாசல் பக்கம் நடந்தார். அங்கே வெள்ளை முடியோடு ஒரு பெரியவர் காரில் உட்கார்ந்திருந்தார். யாரோ தூரத்துச் சொந்தமாக இருக்கவேண்டும். இவர் போனதும், "வாப்பா, போலாமா?" என்றார் அந்தப் பெரியவர் ஆசையாக. வெள்ளைச் சட்டைக்காரர் அவருக்கு சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தி, மறுபக்கம் போய் ஏறிக்கொண்டார்.

வண்டி வளைவில் திரும்பி மறையும்வரை ஸ்டோர்ஸ் அக்கா அதன் எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றாள்.